மஞ்சள் தொடாத சேலை

தந்தி வந்தது வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு. பொங்கியண்ணன் அப்போதுதான் மில்லிலிருந்து சரவணம்பட்டிக்குத் திரும்பி, சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தான். தபால்காரரே பிரித்துப் படித்தார்.

"பூவாத்தாள் சீரியஸ். உடனே புறப்படவும். கந்தப்பன், பொன்னானி."

படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். செத்துப்போனார் என்று சொல்லும் தந்தி ஒன்றைக்கூட அவர் இதுவரை கொண்டுவந்ததில்லை. எல்லாத் தந்தியிலும் சீரியஸ்தான். வழியில் ஆள் மனசு உடைந்துவிடக்கூடாது என்று அப்படி எழுதுவது வழக்கம். போய்ச் சேரும்போது வாசலில் பாடைக்கு மூங்கில் கிடக்கும்.

"போயிட்டாங்க போல இருக்குதுங்க," என்றாள் அவன் மனைவி வள்ளியாத்தாள். "எங்க பெரியப்பனுக்கும் இப்பிடித்தானுங்க வந்துச்சு."

பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய் உட்கார்ந்தான்.

பூவாத்தாள் அவனுடைய ஒரே தங்கை. வள்ளியாத்தாளின் தம்பிக்கு அவளைக் கட்டித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அப்பன் கேட்கவில்லை. பொன்னானியில் புகையிலைக் கடை வைத்திருந்த வெள்ளகோவில்காரன் கந்தப்பனுக்குக் கொடுத்துவிட்டார். "கடக்கரைக்குப் போறவ எங்கூடப் பொறந்தவ இல்லே," என்று கல்யாணப் பந்தலில் வைத்தே சொன்னான் பொங்கியண்ணன். அண்ணன் போடவேண்டிய சேலையைப் போடவில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. தை பிறந்தால் அவளிடமிருந்து ஒரு கார்டு வரும். ஒரு தரம் வந்துவிட்டுப் போங்கள், ஒரு சேலை கொண்டுவந்து போடுங்கள் என்று இருக்கும். அவன் பதில் எழுதியதில்லை.

இப்போது அப்பனும் இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை மேலே விழாமல் செத்த பெண்ணைத் தூக்கமாட்டார்கள். அதைக் கொண்டுபோக அவனை விட்டால் ஆள் இல்லை.

"நாளைக்குப் பொழுது உழுகற வரைக்கும் வெச்சிருப்பாங்களா?" என்றான்.

"கந்தப்பண்ணன் வெப்பாருங்க. அதுக்கு மேலே ஆகாதுங்க. இந்தப் புழுக்கத்துலே எப்பிடீங்க?"

ரயில் இல்லை. ஆவணி பிறந்ததும் அடித்த மழையில் பொன்னானி ஆறு கரை புரண்டு, மூன்று இடத்தில் தண்டவாளத்தை அரித்துவிட்டது. வாளையாற்றில் ரோட்டுப் பாலமும் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டதால் பஸ்ஸும் கட்டைவண்டியும் நின்றுபோயின. மழை விட்டு ஐந்து நாளாகியும் தந்திக் கம்பியை மட்டும்தான் சரி செய்திருந்தார்கள்.

"சைக்கிள்லே போறேன்."

"எம்பத்தஞ்சு மைலுங்க."

"தெரியும்."

வள்ளியாத்தாள் டவுனுக்கு ஆள் அனுப்பி அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்துவரச் செய்தாள். மடித்து வைக்கும்போது அவள் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போயிற்று. புதுச்சேலை எடுத்தால் முந்தி மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். சாவுக்கோடிக்கு மஞ்சள் வைப்பதில்லை. ஒரு சின்னத் துணியில் வாய்க்கரிசி முடிந்து சேலையோடு வைத்து, மொத்தத்தையும் வெள்ளைத் துண்டில் கட்டிக் கேரியரில் இறுக்கினாள்.

சனிக்கிழமை விடிய நாலரை மணிக்கு அவன் மிதிக்கத் தொடங்கினான். வெளிச்சம் வந்தபோது மதுக்கரையைத் தாண்டியிருந்தான். அதற்கு அப்புறம் ரோட்டில் யாரும் இல்லை.

வாளையாற்றுக் காட்டுக்கு முன்னால் ஒரு மரத்தடை. அதன்மேல் உட்கார்ந்து காட்டிலாகாக் காவலாள் பீடி குடித்துக்கொண்டிருந்தான். சைக்கிளைப் பார்த்து எழுந்தான்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க? வண்டி போவாதுங்க."

"தூக்கிட்டுத் தாண்டிக்கறனுங்க."

"பாலம் தாண்டீருவீங்க. அப்பாலே ரெண்டு யானை நிக்குது. ஆள் பொழக்கம் நின்னதும் ரோடு அதுக சொத்தாப் போச்சு."

"மணியடிச்சா ஒதுங்காதுங்களா?"

"மணியடிச்சா ஒதுங்கறதுக்கு அதென்ன மில்லுக்காரங்க ஊர்வலமுங்களா? நீங்கதான் ஒதுங்கோணும்." சிரித்துவிட்டுக் கேரியரைப் பார்த்தான். "சீருங்களா? கூடப் பொறந்தவளுக்கா?"

"ஆமாங்க."

"நல்லதுங்க. போயிட்டு வாங்க," என்று தடையைத் தூக்கிவிட்டான்.

உட்கார்ந்துபோன பாலத்தின் பக்கத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்தான். மூட்டையைத் தலையில் வைத்திருந்தான். அது நனையவில்லை.

காட்டுக்குள் ரோடு கழுவிவிட்டது போலக் கிடந்தது. ஒரு சக்கரத் தடம் இல்லை, ஒரு குளம்புத் தடம் இல்லை. இரண்டு பக்கமும் தேக்கு. உயரத்தில் இலைகளிலிருந்து இராப்பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி ஓடும் சத்தமும் அவன் மூச்சும்தான் கேட்டன. ஓர் இடத்தில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. மணியடிக்காமல் தாண்டினான்.

பூவாத்தாளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் வாடகை சைக்கிள் எடுத்து அவளைக் கேரியரில் வைத்துக் குளத்தைச் சுற்றி ஓட்டியிருக்கிறான். அவள் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உழுந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டான்.

"நீங்க திரும்பிப் பாப்பீங்கல்ல," என்றாள்.

தேக்கு மரங்களுக்கு நடுவே அவன் திரும்பிப் பார்த்தான். வெள்ளைத் துண்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஈர மண்ணில் அவன் சக்கரத் தடம் ஒன்றே ஒன்று நெடுக வந்துகொண்டிருந்தது.

பாலக்காட்டில் நிற்காமல் போனான். ஒற்றப்பாலத்தில் ஒரு கிணற்றில் தண்ணீர் குடித்தான். பட்டாம்பியில் தொடை இழுத்துக்கொண்டது. பத்து நிமிஷம் ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஏறினான். சூரியன் முகத்துக்கு நேராக வரத் தொடங்கியது. குற்றிப்புறத்தில் தோணிக்காரன் செந்தண்ணீரைப் பார்த்து யோசித்தான். "சாவுக்குப் போறேன்," என்று பொங்கியண்ணன் சொன்னதும் துடுப்பை எடுத்தான்.

அக்கரையில் மண் வெளுத்தது. தென்னை, தாழம்புதர், உப்பங்கழி. சமதரையில் சைக்கிள் தானே போவது போலப் போயிற்று. காற்றில் உப்பு வந்தது. எதிரே ஒரு வண்டி, ஓர் ஆள் இல்லை. இப்படி ஒரு ரோட்டில் ஒன்பது வருஷத்தில் ஒரு தரமாவது வந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வேகத்தைக் கூட்டினான். பொழுது விழ இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

பொன்னானியில் கடைத்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு மளிகைக் கடை. பலகையில் தமிழிலும் எழுதியிருந்தது. கடைக்காரர் அப்துல் குத்தூஸ் பாலக்காட்டு ராவுத்தர்.

"புகையிலைக் கந்தப்பன் ஊடு எதுங்க?"

"நீங்க யாரு?"

"பூவாத்தா கூடப் பொறந்தவன்."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். "வந்தீங்களா. இருபது நாளாச் சொரம். அண்ணன் வருவாரு, சேலை கொண்டாருவாருன்னு அதே பேச்சு. காலையிலேகூட எங்க வீட்டிலே கஞ்சி வெச்சுக் கொடுத்தோம். ரெண்டு வாய் குடிச்சுது."

பொங்கியண்ணன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்குக் காலையிலேங்களா?"

"இன்னிக்குத்தான். டாக்டர் இந்த ராத்திரி தாண்டினாப் பொழைச்சுக்கும்னு சொல்லியிருக்காரு. மனசு விடக்கூடாதாம். நீங்க வந்ததே மருந்து. போங்க, நாலாவது வீடு."

அவன் போகவில்லை. "இங்கே துணிக்கடை இருக்குதுங்களா?"

"வெள்ளத்துக்கு அப்புறம் ஒண்ணும் திறக்கலியே." கடைக்காரரின் பார்வை வெள்ளைத் துண்டுக்குப் போயிற்று. துண்டின் ஓரமாக முடிப்பிலிருந்து நாலைந்து பச்சரிசி வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"ஒரு துண்டு மஞ்சள் கொடுங்க," என்றான் பொங்கியண்ணன்.

கடைக்காரர் விரலி மஞ்சள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காசை வாங்கவில்லை.

தெருவின் கடைசியில் கடல் இருந்தது. அவன் அதற்கு முன்னால் கடலைப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. முடிப்பை அவிழ்த்து அரிசியை அலையில் கொட்டினான். அலை அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஈர மணலில் பரப்பிவிட்டுத் திரும்பியது. காக்கைகள் இறங்கின. கையை ஓங்கி விரட்டினான். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து, அவன் நகர்ந்ததும் மறுபடி வந்தன.

படகு கட்டும் கல்லில் தண்ணீர் தெளித்து மஞ்சளை இழைத்தான். முந்தியின் மூலையில் தொட்டான். சரியாக விழாதது போல் இருந்ததால் இன்னொரு தரம் தொட்டான். சேலையை மடித்து வெள்ளைத் துண்டு இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டான். துண்டை மணலில் போட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

கந்தப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. வாசலில் மூங்கில் இல்லை.

"வாங்க மச்சான். சைக்கிள்லயா வந்தீங்க?"

"தந்தி வந்துச்சுங்க, மாப்புள்ளே."

"பயந்து போயித்தானுங்க அடிச்சேன். நேத்து ரொம்ப மோசமா இருந்துச்சு." அவர் சேலையைப் பார்த்தார். முகம் ஒரு கணம் தெளிந்தது. "உள்ளே வாங்க. கேட்டுட்டே இருக்குது."

பூவாத்தாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். தலைமுடியை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். கண்கள் மட்டும் பழையபடி இருந்தன. அவனைக் கண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.

"அண்ணா. வந்துட்டீங்களா."

"வந்துட்டேன் கண்ணு."

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்குது. சேலை கொடுத்தனுப்புச்சு."

அவன் சேலையை அவள் நெஞ்சின்மேல் வைத்தான். அவள் இரண்டு கையாலும் அதைத் தடவினாள். மடிப்பைப் பிரித்து முந்தியைத் தேடினாள். மூலை கையில் பட்டதும் விரலால் வருடிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். கட்டைவிரல் முழுக்க மஞ்சளாக இருந்தது.

கந்தப்பன் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றுவிட்டார். வெளியே சாய்வெயில் இன்னும் இருந்தது. தெருவில் எங்கோ காக்கை கத்தியது.

பூவாத்தாள் அண்ணனின் கையைப் பார்த்தாள். அவனுடைய நகக்கண்களிலும் மஞ்சள் இருந்தது.

"அத்தனை வெய்யில்லே, எம்பத்தஞ்சு மைல் வந்த சேலைங்கண்ணா. மஞ்ச இன்னும் காயலீங்களா?"