ஆபத்து என்று அழிக்கப்பட்ட குரல்

உலகத்தில் எத்தனையோ மனைவிகள் திட்டியிருக்கலாம். ஒரு கணினியே நடுங்கி 'ஆபத்து' என்று அலறும்படி திட்டியவள் என் மனைவி ஒருத்திதான்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு இல்லை. அதற்கு முன் அவள் என்னைத் திட்டியதையெல்லாம் பதிந்து கணினியில் வைத்திருந்தேன். ஒரு ராணுவத்தையே ஓட வைக்கும் திட்டு! வேறு பிரதி கிடையாது. இரைச்சலை நீக்கலாமென்று இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, அதன் ஃபோல்டருக்குள் பதிவுகள் மொத்தத்தையும் நகர்த்தினேன். திரை சிவந்தது. 'ஆபத்து நீக்கப்பட்டது' என்றது ஆன்டிவைரஸ். ஃபோல்டரோடு அவள் குரலும் போயிற்று.

கணினி வேலை பார்க்கும் மருமகன் சிரித்தார்.

"அத்தை குரல் என்ன வைரஸா மாமா? நீங்களே எதையாவது அமுக்கியிருப்பீங்க."

"நான் அமுக்கியிருந்தா பூமியே சுத்தாம நின்னிருக்கும் மாப்ள!"

அதே கணினியில் அதே மென்பொருளை மறுபடி இறக்கி, ஒரு பாட்டை உள்ளே போட்டுப் பார்த்தார். திரை சிவந்தது. பாட்டையும் காணோம், அவர் சிரிப்பையும் காணோம்.

கதவோரம் நின்ற மனைவி, கிடைத்ததா என்று புருவத்தால் கேட்டாள். நான் கணினி நடுங்கிய கதையை எடுத்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மருமகன் தலை நிமிரவில்லை.

"மாமா சொன்னது நிஜந்தான் அத்தை. அந்த மென்பொருள்ல வைரஸே இல்ல, ஆன்டிவைரஸ்தான் தப்பா நெனச்சிருக்கு. மாமா கண்டதையும் அமுக்குவாருன்னு, கேக்காமலே அழிக்கிற மாதிரி நான்தான் அதை வச்சேன். இனிமே எடுக்க முடியாது."