மாதிரித் தட்டு

கூட வாசித்தவர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் 'இன்னொரு தடவை'. பாடி முடித்ததும் அவள் வாயிலிருந்து வருவது அதுதான். வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகும் சொல்வாள். டிரம்ஸ்காரர் ஒருவர் இந்தத் தொல்லை தாங்காமல் வேறு குழுவுக்கு ஓடிப்போனார். போன இடத்தில், "இங்கே யாருமே எதையும் கவனிக்கிறதில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

கடைசியில் மிஞ்சியது அக்காவும் தம்பியும்தான். அவள் பாட்டு, அவன் கிதார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவர்கள் சண்டையெல்லாம் சுருதிச் சண்டை. அவன் விலகினால் அவள் விடமாட்டாள், அவள் விலகினால் அவன் விடமாட்டான். அவள் கல்யாணத்தன்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்களே என்று மணக்கோலத்திலேயே பாடியபோது, மேடையேறிப் போய் காதோடு "சுருதி இறங்கிட்டே" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

அக்கா வீட்டு உள்ளறையில் ஜன்னல்களுக்கு மெத்தையை நிமிர்த்தி வைத்து, உறுமுகிற ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டு எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். திரும்பச் செருக மறந்து பால் கெட்டுப்போன நாட்கள் பல. அத்தான் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆளில்லை. அவருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது, ஆனால் மனைவி பாடும்போது சமையலறையில் ஒரு கரண்டி சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. போனில் பாதி கேட்டுவிட்டு நகர்ந்து போகிறவர்களுக்காக நான் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்பாள். நூறே நூறு தட்டு. இத்தனை சின்ன வேலைக்குத் தட்டு அடிக்கிற ஆலையில் என்ன மரியாதை கிடைக்கும்? வரிசையில் கடைசியாக நிற்க வைத்தார்கள். வரிசை நகர்வதற்குள் அக்காவுக்கு இருமல் வந்தது. வந்த இருமல் போகவேயில்லை.

டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அத்தான் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் பெரிது. அக்காவிடம் மட்டும், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மெதுவாகத்தான் கரையும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"அவளுக்குத் தெரியவே கூடாதுடா. தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிடுவா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றார் அத்தான். தம்பி சத்தியம் செய்துகொடுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாதிரித் தட்டு வந்தது. நூறையும் அடிப்பதற்கு முன் கேட்டுப் பார்த்துச் சரி சொல்வதற்காக ஆலை அனுப்புகிற தட்டு. வெள்ளை உறை, நடுவில் எழுத்தில்லாத வெள்ளைக் காகிதம். தம்பி அதைத் தன் அறையில் போட்டுக் கேட்டான். ஒவ்வொரு பாட்டும் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் அக்கா ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை பிடித்து நிற்பாள். அந்தச் சுரம் ஆடியது. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறியது. பதிவில் அந்த ஆட்டம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். குனிந்து பார்த்தான். தட்டு சுற்றச் சுற்ற ஊசியின் கை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. நடுத்துளை மயிரிழை விலகி விழுந்திருந்தது. ஓரத்துப் பாட்டுகளில் அது அவ்வளவாகத் தெரியாது. நடுவை நெருங்க நெருங்கத்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆலைக்காரரை போனில் பிடித்தான்.

"அச்சிலயே துளை விலகிடுச்சு சார். புதுசா அச்சு எடுத்துடலாம். ஆனா மெஷின்லேர்ந்து உங்க வேலையை இறக்கினா பெரிய ஆர்டர் ஏறிடும். திரும்ப உங்க முறை வர ரெண்டு மாசம் ஆகும்."

"இதையே ஓகேன்னு சொன்னா?"

"அடுத்த வாரம் நூறும் உங்க வீட்டுல இருக்கும். நூத்துல தொண்ணூறு பேருக்கு இந்த ஆட்டம் காதுலயே விழாது சார்."

அந்தத் தொண்ணூறில் அக்கா இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அவள் காலையில் வந்தவரை மத்தியானம் வந்ததாகச் சொல்கிறாள், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறது. மருந்து மயக்கத்தில் காதும் மந்தப்பட்டிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அவள் உயிரோடு இருக்கும்போதே தட்டை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அவனுக்கு அது போதும். சுருதி விஷயத்தில் அக்காவை ஏமாற்றலாம் என்று நினைத்தது சுத்த முட்டாள்தனம். பாசம் முற்றினால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

மறுநாள் காலை அத்தான் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து வைத்திருந்தார். அக்காவை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். தட்டின் விளிம்பை உள்ளங்கைகளால் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குடா" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசிப் பாட்டின் முடிவு வந்ததும் கண் திறந்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். அவன் வெள்ளை உறையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா வந்திருக்குக்கா."

"கடைசிப் பாட்டு?"

"அதுதான் எல்லாத்தையும் விட நல்லா வந்திருக்கு."

"இன்னொரு தடவை போடு."

போட்டான். சுரம் மறுபடியும் ஆடியது.

"உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"இல்லையேக்கா."

"சரி, ஓகே சொல்லிடு" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கூடவே அழுகையும் முட்டியது. இந்தக் காதும் போய்விட்டதே!

"நான்தான் அப்பவே சொன்னேனே, பிரமாதம்னு" என்று, ஒருபோதும் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அத்தான் வெந்நீர் வைக்கப் போனார்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கும்வரை அக்கா காத்திருந்தாள்.

"டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா கேக்கிறே? சளிதானே, கரையுறதுக்கு..."

"என் காதுலயே பூ சுத்தாதே. தட்டு ஆடுது. உனக்கும் கேட்டுச்சு, நான் ரெண்டு தடவை பார்த்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட விடாதவன் நீ. இன்னைக்கு மட்டும் எதுக்கு வாயை மூடிட்டு இருக்கே?"

அத்தனை நாள் டாக்டரும் அத்தானும் கட்டிக்காத்ததை, தன் ஒரு 'சூப்பர்' போட்டு உடைத்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்றாள்.

"ரெண்டு மாசம்."

"அதுவரைக்கும் தாங்காதா?"

அவன் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அக்காவின் கை அவன் தலைமேல் வந்து விழுந்தது.

"பயமாத்தான்டா இருக்கு" என்றாள். "ரொம்பப் பயமா இருக்கு. ஆனா நீ சத்தமா அழாதே, அவருக்குக் கேட்டுடும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அந்த மனுஷன் கொஞ்சமாவது தூங்குறாரு."

"உன் கையில கொடுத்துடணும்னுதான்க்கா நான்..."

"தெரியும்டா. அதுக்காக ஆடுற குரலையா விட்டுட்டுப் போகச் சொல்றே? மூஞ்சியைத் துடை. அவங்களுக்கு போன் போடு."

அத்தான் வெந்நீரோடு உள்ளே வந்தபோது ஆலைக்காரர் போனில் இருந்தார். அக்கா சத்தமாகக் கேட்கும்படி வைக்கச் சொல்லியிருந்தாள்.

"என்னாச்சு?" என்றார் அத்தான்.

"தட்டு சரியில்லைங்க. திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

"ரெண்டு மாசம் ஆகும் சார், நேத்தே சொன்னேனே. பரவாயில்லையா?" என்றது போன்.

அத்தான் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து தட்டை உறைக்குள் செருகினான். அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பரவாயில்லைங்க. இன்னொரு தடவை நிதானமா பண்ணிக் கொடுங்க. எங்களுக்குத் தலை போற அவசரம் ஒண்ணும் இல்லை."

அதைக் கேட்டதும் அத்தானின் முகம் தெளிந்தது. இவளுக்கு எதுவும் தெரியவில்லை, தெரியவே தெரியாது.

"ரெண்டு மாசம்தானே" என்று டம்ளரை நீட்டினார். "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"ஆமா" என்று சொல்லி அக்கா வெந்நீரை வாங்கிக் குடித்தாள்.