இரண்டாவது நுனி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டாலும் சரி. இரண்டு கெட்டிக்காரிகளின் கதை சொல்கிறேன். யார் பக்கம் சேருவது என்று நீங்களே திண்டாடப் போகிறீர்கள்.

ஒருத்தி பல் டாக்டர். பழைய மூங்கில் தூண்டில் கழிகளைச் சேர்ப்பதில் பைத்தியம். ஆறு மூங்கில் சிம்புகளைச் சீவி, பென்சில் மாதிரி ஒன்றாக ஒட்டி, பட்டு நூல் சுற்றிய கழிகள்; இறகால் ஈ போலக் கட்டிய முள்ளை ஆற்றில் வீசுவதற்கென்றே செய்தவை. நுனிதான் முதலில் ஒடியும் என்பதால் ஒவ்வொரு கழிக்கும் கழற்றி மாட்ட இரண்டு நுனித்துண்டு உண்டு. அதில் ஒன்று ஒடிந்து அரை விரல் குட்டை என்றாலும் டாக்டரம்மா தொடமாட்டாள். குறையில்லாதவை மட்டும் கண்ணாடி அலமாரியில் நிற்கும். அவள் கைக்கு வந்தபின் ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

மற்றவள் அவள் நாத்தனார், பஸ் ஓட்டுகிறவள். அப்பா விட்டுப்போன கழி அவளிடம் இருந்தது. லீவு கிடைத்தால் அதோடு ஆற்றில் நிற்பாள். அத்தனை உழைத்தும் இரண்டு நுனியும் முழுசு! அதை நினைத்தால் டாக்டரம்மாவுக்குத் தன் அலமாரியே காலியாகத் தெரியும்.

“என்ன விலைன்னாலும் தரேன், குடுத்துடு.”

“விலையெல்லாம் வேணாம் அண்ணி. அதுல ஒரே ஒரு மீன் புடிங்க, எடுத்துட்டுப் போங்க. புடிக்கலேன்னா இனிமே இதப் பத்தி வாயத் திறக்கக் கூடாது.”

“வாயத் திறக்க வைக்கிறதுதான் என் தொழிலே. ஞாயித்துக்கிழமை போலாம்.”

முதல் வீச்சு கிளையில் மாட்டியது.

“மரத்துக்குப் பல்லு புடுங்குறீங்களா அண்ணி?”

அடுத்த வீச்சில் மீன் கவ்வியது. கழி வளைந்ததைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு நுனி ஒடிந்துவிடுமோ என்று பயம். கையைத் தாழ்த்தினாள்; நூல் தொய்ந்தது; மீன் கம்பி நீட்டிவிட்டது.

“கழியக் காப்பாத்தினா மீன் வராது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

டாக்டரம்மா மறுபடி வீசினாள். மறுபடி கவ்வியபோது கழியை நிமிர்த்திப் பிடித்தாள். அது வில்லாய் வளைந்தது. மீன் பாறைக்கடியில் பாய, டப்பென்று நுனி ஒடிந்து நூலிலேயே தொங்கியது. அவள் விடவில்லை. மிச்சக் கழியைப் பிடித்தபடியே அடி உருளையில் நூலைச் சுற்றி இழுத்து, மீனை வலையில் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

நாத்தனார் ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தாள். அப்பாவின் கழி அல்லவா, அதன் ஈரத்தைத் துடைத்தாள்.

“ஜெயிச்சுட்டீங்க. ஆனா குட்ட நுனி உங்க அலமாரிக்கு ஆகாதே? வேணாம்னா சொல்லுங்க, நானே வெச்சுக்கறேன்.”

“பல்லு ஒடஞ்சு வர்றவங்கள நான் வெளிய தள்ளிக் கதவச் சாத்துறேனா? கழி என்னுது. அந்த ரெண்டாவது நுனிய எடு. இன்னும் வெளிச்சம் இருக்கு.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனை ஆற்றில் விட்டுவிட்டு, நுனியைத் தானே மாட்டிக் கொடுத்தாள்.

இப்போது அந்தக் கழி டாக்டரம்மா வீட்டு வாசற்கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். அலமாரியில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒடிந்த துண்டு மட்டும். அலமாரிச் சாவி நாத்தனாரிடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆற்றுக்குக் கொண்டுபோக ஒரு கழியை அவள்தான் பொறுக்குகிறாள்.

உங்கள் வீட்டிலும் வளைய வேண்டியது பயமில்லாமல் வளையட்டும், ஒடிந்ததற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டே நூறு வயது வாழட்டும்.