ஒன்றாம் நம்பர் அளவு

தையல் மாஸ்டருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவை எழுதக் கூடாது. ஆள் நேரில் வந்து டேப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். ஐந்து வருடம் கடைப்பக்கம் தலைகாட்டாதவரின் அளவை அழித்துவிட வேண்டும். அதற்குள் உடம்பு மாறியிருக்கும், பழைய அளவை நம்பிக் கத்தரி வைத்தால் துணி பாழ். நல்ல சட்டங்கள்தான், யார் இல்லையென்றது? ஆனால் இந்த மனிதர் பிடித்தால் உடும்புப்பிடி. கடவுளே வந்து "இடுப்பு முப்பத்தாறு" என்றாலும், "கையைத் தூக்குங்க, பாத்துடலாம்" என்பார்.

முன்பெல்லாம் அளவுகள் நோட்டில் இருந்தன. ஏழு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகன், படிப்பை முடித்த கையோடு, கடைக் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தான். ஆளுக்கு ஒரு ரெக்கார்டு. ஃபார்மைத் திறந்தால் கழுத்து, தோள், கை, மார்பு, இடுப்பு, கடைசியாக அளவெடுத்த தேதி எல்லாம் கட்டம் கட்டமாக வரும். கீழே மூன்று பட்டன்கள்: புதிது, சேமி, அழி. சோதித்துப் பார்க்க அவன் முதலில் ஏற்றியது தன் அளவைத்தான். அதனால் ஒன்றாம் நம்பர் அவன்.

மாஸ்டர் மவுஸைத் தொடமாட்டார். கத்தரி பிடித்த கைக்கு அது எலிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருக்குமாம். ஏற்றுவதும் தேடுவதும் அழிப்பதும் அவன் அம்மாவின் வேலை.

மகன் வீட்டை விட்டுப் போய் ஐந்து வருடம் நாலு மாதம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவனுடைய முதல் நேர்காணலுக்காக அப்பா பதினோரு நாள் உட்கார்ந்து ஒரு கோட்டு தைத்தார். பையன் அதைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய மாடலாக இருக்கிறதென்று ரெடிமேட் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். வேலையும் கிடைத்தது, வேறு ஊரில். "ரெடிமேட் கோட்டு வாங்கினவன், ரெடிமேடா ஒரு அப்பனையும் வாங்கிக்கட்டும்" என்றார் மாஸ்டர். "வாங்கிக்கிறேன்" என்றான் மகன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மாஸ்டர் குளிக்கப் போகிற பத்து நிமிடம் போன் வரும். பத்து நிமிடத்தில் எதைக் கேட்பது, எதை விடுவது? சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்குள் குளியலறைக் கதவு திறந்துவிடும். மீதி ஆறு நாளும் அவள் கடையில் உட்கார்ந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்றாம் நம்பரைத் திறப்பாள். கழுத்து பதினாலரை. தோள் பதினேழு. இடுப்பு இருபத்தொன்பது. குறிப்பு: இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் மாட்டி மாட்டி வந்த இறக்கம் அது. போட்டோவில் முகம்தான் இருந்தது. இதில் பிள்ளை முழுசாக இருந்தான். படிக்கப் படிக்க அவளுக்குக் கையெல்லாம் பரபரக்கும், அந்தத் தோளை ஒரு தடவை தொட்டுவிட வேண்டுமென்று.

வருடத்துக்கு ஒருமுறை பழைய அளவுகளை அழிக்கும் நாள் வந்தது. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"ஒண்ணுலேர்ந்து வரிசையா வா."

"ஒண்ணு நம்ம பையனோடதுங்க."

"தேதி என்ன போட்டிருக்கு?"

அவள் சொன்னாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அழி."

"கம்ப்யூட்டர் இன்னைக்கு ரொம்ப மெதுவா இருக்குங்க. நாளைக்குப் பாக்கலாமே" என்றாள். அவரும் ஏனோ சரியென்றார்.

சாயங்காலம் அவர் லைனிங் துணி வாங்கப் போன நேரத்தில் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். முன்பு ஒருமுறை கை தவறி யாருடைய அளவையோ அழித்துவிட்டு அழுதுகொண்டிருந்தபோது, மகன் அவளுக்கு ஒரு வழி காட்டியிருந்தான். ஃபார்மின் உள்ளமைப்புக்குள் பாஸ்வேர்டு போட்டுப் போனால் 'அழிக்க அனுமதி' என்று ஒரு வரி இருக்கும். "அதை 'இல்லை'ன்னு மாத்திட்டா யாராலயும் எதையும் அழிக்க முடியாதும்மா" என்றிருந்தான். மாற்றினாள். முப்பது வருடக் குடித்தனத்தில் புருஷனுக்குத் தெரியாமல் அவள் போட்ட முதல் பூட்டு அது.

மறுநாள் 'அழி'யை அழுத்தியதும் ஒரு பெட்டி குதித்தது: இந்தக் கட்டளை இப்போது கிடைக்காது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று முகத்தை வைத்துக்கொண்டு, "என்னமோ ஆயிடுச்சுங்க" என்றாள்.

மாஸ்டர் விடுவாரா? கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்துவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். படிக்க மட்டும் என்று ஃபைல் பூட்டியிருக்கிறதா? இல்லை. வேறு கம்ப்யூட்டரில் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா? வேறு கம்ப்யூட்டரே இல்லை. பிரதி எடுத்துச் சீர்செய்தும் பார்த்தார்; பெட்டி மறுபடி குதித்தது.

"ஃபார்முக்குள்ளதான் ஏதோ தடுத்து வச்சிருக்கு மாஸ்டர். உள்ள போக பாஸ்வேர்டு வேணும்."

"எனக்குத் தெரியாதுப்பா. பையனுக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

"அப்ப அவரையே கேட்டுடுங்க" என்று அவர் போய்விட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஐந்து வருடமாக ஏங்கியவள்தான். அதற்காக, உன்னை எப்படி அழிப்பது என்று உன்னையே கேட்பதா? கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது, கையில் கத்தியோடு.

மாஸ்டர் இரண்டு நாள் பொத்தானையும் நூலையும் திட்டினார். மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"போனைப் போடு. ஸ்பீக்கர்ல வை. நான் பேச மாட்டேன், நீயே கேளு."

மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் மகன் எடுத்துவிட்டான். "என்னம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? அப்பாவுக்கு ஏதாவது..."

மாஸ்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா நல்லாருக்காரு. பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றாள் அவசரமாக. "ஃபார்ம்ல அழிக்க முடியலப்பா."

"என்ன மெசேஜ் வருது?"

படித்துக் காட்டினாள்.

"எல்லாத்துக்குமா, ஒண்ணுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

"எதை அழிக்கப் போய் வந்துச்சு?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பேசமாட்டேன் என்றவர்தான் பேசினார்.

"ஒண்ணாம் நம்பர்."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அப்பா மகனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுல்ல" என்றான். "சட்டம்னா சட்டம்தான்பா." பிறகு, "அம்மா, உள்ள போ. பாஸ்வேர்டு நீதானே வச்சே?"

மாஸ்டர் இரண்டாவது தடவை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"'அழிக்க அனுமதி'ன்னு இருக்கும். அதுல என்ன இருக்கு?"

"'இல்லை'ன்னு இருக்கு."

"அது தானா மாறாதேம்மா."

"தெரியும். நான்தான் மாத்தினேன்!" வெடித்துவிட்டாள். "ஆமா, மாத்தினேன், அதுக்கு என்ன இப்போ? அந்த அரை இஞ்சைப் பாத்துக்கிட்டுதான் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன். அதையும் அழிச்சுட்டா நான் எதைடா பாக்குறது?"

தையல் மிஷின் மேல் கிடந்த டேப் மின்விசிறிக் காற்றில் ஆடியது.

"'ஆம்'னு மாத்தும்மா" என்றான் மகன், குரல் இறங்கி. "அவரு இஷ்டப்படி செய்யட்டும்."

மாற்றினாள். மாஸ்டர் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, மவுஸைப் பிடித்தார். 'அழி'யை அழுத்தினார். இந்த ரெக்கார்டைத் திரும்பப் பெற முடியாது, நிச்சயமா என்று கேட்டது. ஆம். இல்லை. அம்பு இரண்டுக்கும் நடுவில் தடுமாறியது.

"இடது தோள் இன்னும் இறங்கித்தான் இருக்கா?" என்றார் திடீரென்று.

"தெரியலப்பா. ரெடிமேட்ல அதையெல்லாம் யாரு பாக்குறா? எந்தக் கோட்டும் இடது பக்கம் சரியா நிக்கிறதே இல்ல."

"எப்படி நிக்கும்? நிக்காது." அவர் குரல் உடைந்தது. "இடுப்பு?"

"முப்பத்துமூணு இருக்கும். எழுதிக்கிறீங்களா?"

"வாயால சொல்ற அளவை எழுதுற கடையாடா இது?" மாஸ்டர் கத்தினார். "ஆளு வரணும். டேப்புக்கு முன்னாடி நிக்கணும். தெரியாது உனக்கு?"

"தெரியும்பா." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சனிக்கிழமை கடை எத்தனை மணி வரைக்கும்?"

"நீ வர்ற வரைக்கும்."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டரின் கை மவுஸின் மேலேயே இருந்தது. அம்மா அதன் மேல் தன் கையை வைத்து அம்பை மெல்ல நகர்த்தி, 'இல்லை'யை அழுத்தினாள்.

"அந்த அனுமதியையும் பழையபடி 'இல்லை'ன்னே வச்சிடு" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இன்னும் பதிமூணு பேரு அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்களே?"

"கிடக்கட்டும். யாரு எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்."