ஓவனுக்கு உடம்பு சரியில்லை

டிசம்பர் பத்தாம் தேதி காலையில் ரோஸ் டீச்சர் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொய்யைப் போட்டார். "ஓவன்ல ஹீட்டர் காயில் எரிஞ்சிட்டு. மன்னிக்கவும்." கூடவே கும்பிடுகிற கை ஒன்று. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் அல்லவா, பொய் சொன்னாலும் பக்தி விட்டுப்போகாது.

குழுவை ஆரம்பித்தது எதிர்வீட்டு ஈவாஞ்சலின். காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். வருஷத்துக்கு இரண்டு நாள் தேவைப்படுகிற சாமானைப் பதினெட்டு வீட்டிலும் தனித்தனியாக வாங்கிக் குவித்து, பிறகு குப்பையில் போடுவானேன், ஒன்றை வைத்தே எல்லாரும் சமாளிப்போம் என்று பேசிப் பேசி, மாப்பிள்ளையூரணியில் அந்தத் தெரு முழுவதையும் சேர்த்துவிட்டாள். சட்டம் ஒன்றுதான்: எடுக்கிறவர் கொடுக்கவும் வேண்டும்.

எடுப்பதில் ரோஸ் டீச்சரை யாரும் குறை சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டக் காசிலிங்கம் வீட்டு ஏணி. மாடியைக் கழுவ சுந்தர்சிங் வீட்டுத் தண்ணீர் பம்ப். சாத்தான்குளத்துத் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கியபோது மூன்று வீட்டுக் கட்டில். ஆனால் கிறிஸ்துமஸ் கேக் போடத் தெருவே கேட்ட ஓவன் விஷயம் வேறு. மஸ்கட்டிலிருந்து மகன் பெவின் அனுப்பிய பெரிய ஓவன் அது. அது வந்த பிறகுதான் சபைப் பெண்கள் சங்கத்தில் 'கேக் என்றால் ரோஸ் டீச்சர்' என்று பெயர் வந்தது. பின்வீட்டு அற்புதமணி குக்கரில் மணலைப் போட்டுச் செய்து, வருஷா வருஷம் அடி தீய்ந்த கேக்கைக் கொண்டுவருவாள். ஓவன் தெருவைச் சுற்ற ஆரம்பித்தால் அந்தப் பெயரும் கூடவே சுற்றப் போய்விடும். கொடுப்பாரா?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னான்?" என்றார் கணவர் செல்வதுரை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி வேலை. சரக்கு பேப்பரில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று நிறையப் பார்த்தவர். "சரிளா, சங்கக் கூட்டத்துக்கு நீ கேக் போடும்போது வாசம் தெருவுக்குப் போவாதா?"

அதுதான் சிக்கல். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், கேக் வாசத்தை எதில் மறைப்பது? டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தார்.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை. அடுக்களை ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, ஓவனில் கேக்கை வைத்தார். பக்கத்து அடுப்பில் கருவாடு பொரிந்தது. வாசம் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கேக் இருக்கிற சுவடே தெரியவில்லை. டீச்சருக்குத் தன் மூளையை நினைத்து ஒரே பூரிப்பு.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஈவாஞ்சலின். கூடவே டெஸ்டரும் ஸ்குரு டிரைவருமாகக் காசிலிங்கம். எலக்ட்ரிக்கல் கடைக்காரர்.

"டீச்சரம்மா, காயில் மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. நம்ம குழுவுக்குத்தானே, சும்மாவே செஞ்சு தாரேன்."

டீச்சர் அடுக்களை வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றார். "உள்ள எண்ணெய் தெறிக்கி அண்ணாச்சி. பொறவு பாத்துக்கிடலாம்."

உள்ளே 'டிங்' என்றது ஓவன்.

"போன்," என்றார் டீச்சர்.

காசிலிங்கம் மூக்கை உறிஞ்சினார். "நெத்திலியா? ரெண்டு குடுங்க, பழைய சோத்துக்கு ஆவும்." ஓவனைக் கொடுக்காத டீச்சர் பாதிக் கருவாட்டைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினார். போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஞாயிறு ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம். மேஜையில் ரோஸ் டீச்சரின் கேக் நடுநாயகமாக இருந்தது. அதை வெட்டி, முதல் துண்டை ஐயரம்மாவிடம் கொடுத்தார்கள். குருவானவரின் மனைவியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஈவாஞ்சலின் எழுந்து நின்றாள். "டீச்சர் பாவம், ஓவன் ரிப்பேரு. இந்த வருஷம் கடைல வாங்கிட்டு வந்திருக்காவ. யாரும் ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க."

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீச்சர் தப்பித்துவிடலாம். சொல்லவும் வாயைத் திறந்தார். ஆனால் அற்புதமணி 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டாள். அடி தீய்ந்த கேக்குக்காரி தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! டீச்சருக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

"கடைக் கேக்கா? என் கையால செஞ்சதுளா! நேத்து, என் ஓவன்ல!"

எல்லாத் தலையும் டீச்சர் பக்கம் திரும்பியது. ஐயரம்மா மட்டும் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். பிறகு மெல்லுவதையும் நிறுத்தினார்.

"டீச்சர், இதுல நெத்திலி எதுவும் போட்டீங்களோ?"

சாத்திய அடுக்களையில், கருவாட்டுப் புகையிலேயே ஒரு ராத்திரி முழுக்க ஆறிய கேக். அதில் இருந்த வெண்ணெய் அத்தனை வாசத்தையும் குடித்து வைத்திருந்தது. டீச்சர் பூமிக்குள் போய்விட நினைத்தார். ஈவாஞ்சலின் ஒன்றும் திட்டவில்லை. போனை எடுத்துக் குழுவில் போட்டாள்: "ரோஸ் டீச்சர் ஓவன் குணமாயிட்டு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." கீழே பதினாறு கும்பிடுகிற கைகள் விழுந்தன.

திங்கட்கிழமையே ஓவன் அற்புதமணி வீட்டுக்குக் கிளம்பியது. சாயங்காலம் அவள் முதல் துண்டை டீச்சரிடம்தான் கொண்டுவந்தாள். தெருவில் நாலைந்து பேர் பின்னால் வந்து நின்றார்கள்.

டீச்சர் குறை கண்டுபிடிக்கவே வாயில் வைத்தார். பஞ்சாக இருந்தது. அடி தீயவில்லை. பழங்கள் கீழே இறங்காமல் நின்ற இடத்திலேயே நின்றன. கைப்பக்குவம் கைப்பக்குவம் என்று இத்தனை வருஷம் ஊர் புகழ்ந்ததில் முக்கால்வாசி ஓவனுக்குச் சேர வேண்டியது என்று அந்த ஒரு வாயிலேயே தெரிந்துபோயிற்று. டீச்சருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"என்னளா போட்ட இதுல?"

"நீங்க போடுததுதான் டீச்சர்," என்றாள் அற்புதமணி. "கருவாடு மட்டும் போடல."

எல்லாரும் சிரித்தார்கள், செல்வதுரை எல்லாரையும் விடச் சத்தமாக. டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே இரண்டாவது துண்டையும் எடுத்துத் தின்றார்.