மூன்றாவது போதும்

...ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, ஒன்று என்று போட்ட கோட்டிலேயே அது நிற்கவேண்டும், கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற அந்தக் குட்டிப் பந்து, பச்சைப்பட்டாணிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு ஆனதிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வீட்டில் அதற்கு இப்போது இருக்கிற மரியாதை பூஜை அலமாரியில் யாருக்கும் இல்லை. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்ஸிஜனை மட்டும் குழாயில் அனுப்புகிற பெட்டி. போடுகிற இரைச்சலில் அக்கரையில் வைப்பின் தீவுப் படகுத்துறையில் நிற்பவர்கள்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறார்களாம்... சரி, அவ்வளவு இல்லை, கூடம்வரை கேட்கும். குழாயின் மறுமுனை நீலாவின் மூக்கில். என் சகதர்மிணி நீலாம்பாள், மூன்று தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், தூங்குகிறாளா, சும்மா மூடியிருக்கிறாளா? முன்பெல்லாம் அவள் தூங்கினால் எனக்கு நிம்மதி, இப்போது தூங்கினால் உடனே அவள் விரலில் மாட்டியிருக்கிற கருவியைப் பார்க்கிறேன், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு இருந்தாலே போதுமாம், தொண்ணூற்றிரண்டுக்கு மேலே போகவே கூடாதாம், பாஸ் மார்க்குக்கும் ஓர் உச்சவரம்பு வைத்த பரீட்சையை இப்போதுதான் பார்க்கிறேன். பெட்டியின் திருகின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் என் பெண் ஸாதனா, காக்கநாட்டில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள், தமிழ் எழுதத் தெரியாது, அதனால் பிளாஸ்திரி மேல் மலையாள எழுத்தில் தமிழிலே திட்டியிருக்கிறாள், ‘அப்பா, தொடப்படாது’. தொடவில்லையம்மா. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தே விட்டேன், பார், மரத்தே போய்விட்டது.

இந்தக் கைதான் மட்டாஞ்சேரி சமூக மடத்துக் கல்யாணங்களில் பந்தி பந்தியாகப் பரிமாறிய கை. துறைமுக ஆபீஸில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தேன் என்பதெல்லாம் ஊருக்குச் சொல்ல, என் உத்தியோகம் பாயச வாளிதான். ராமபத்ரன் பாலடைப் பிரதமனோடு வருகிறான் என்றால் பாதிப் பேர் இலையை மடித்துவிட்டு ஓடுவார்கள், ஒருத்தர் பாலம் தாண்டித் தேவரா வரைக்கும் ஓடினார், வாளியோடு பின்னாலேயே போய் ஊற்றினேன். கணக்கு ஒன்று உண்டு எங்களிடம், சாப்பிடுகிறவர் சொல்கிற முதல் ‘போதும்’ மரியாதைக்கு, இரண்டாவது ‘போதும்’ கூச்சத்துக்கு, இலைக்குக் குறுக்கே கையை வைத்துச் சொல்வாரே மூன்றாவது, அதுதான் போதும், அதற்கு முன்னால் நிறுத்துகிறவன் பரிமாறத் தெரியாதவன், வீட்டுக்காரனை அவமானப்படுத்துகிறவன். நீலா பெண்கள் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள், புதிதாக வந்த சம்பந்தி வீட்டாரிடம், “எங்காத்துக்காரர் எது சொன்னாலும் அஞ்சால வகுத்துக்கோங்கோ, மீதி இருக்கறது நிஜம்” என்பாள். தேவரா வரை ஓடினார் என்றேனே, அதை வகுத்தால் சமூக மடத்து வாசல்படி வரும், அது நிஜம்தான். அவள் ஒருத்திதான் வகுத்த பிறகும் சிரிப்பாள்.

திருகில் நான் கை வைத்த அன்றைக்கும் சிரித்தாளா? மூச்சிரைப்பு அவளுக்குப் புதிதில்லை, விறகடுப்புப் புகை தின்ற நெஞ்சு, மழை பிடித்தால், தெருமுனைக் கிடங்கில் சுக்கு உதறினால், உடனே இழுக்கும், பெட்டி வந்ததிலிருந்து ஒன்றில் வைத்து ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தது, எனக்குப் பொறுக்கவில்லை, காற்றுத்தானே, நல்ல காற்றுத்தானே, அதிலும் வடிகட்டின முதல் தரக் காற்று, அதையா அளந்து ஊற்றுவது, நாம் என்ன அவ்வளவு தரித்திரமா என்று திருகைத் திருப்பினேன், இரண்டு, மூன்று, பந்து ஜிவ்வென்று ஏறியது. “போதும்னா” என்றாள். முதலாவது. சிரித்துக்கொண்டே இன்னும் திருப்பினேன், நாலு. “போதும்...” இரண்டாவது, குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அஞ்சில் வைத்தேன். மூன்றாவதுக்குக் காத்திருந்தேன், வரவில்லை. கருவியில் தொண்ணூற்றொன்பது! நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! ஸாதனாவுக்கு போன் போட்டு, “அம்மா ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுடீ” என்று கத்தினேன். நீலா கன்னமெல்லாம் சிவந்து, தலை வலிக்கிறது என்று முனகி, அப்புறம் தூங்கினாள், என்ன தூக்கம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இழுப்பில்லாத தூக்கம், ஃபேனைக் கூட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன், வாசலில் மீன்காரன் கூவினானென்று அவனிடம் சண்டைக்குப் போனேன், என் பெண்டாட்டி தூங்குகிறாள் என்று. ஸாதனா வந்து எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை.

டாக்டர் ஷபானா எங்கள் தெருக்காரி, மார்புநோய் டாக்டர், என் கைப் பாயசம் குடித்தவள்தான். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, அதற்கு வேறொரு எந்திரம் மாட்டி, நீலா கண்ணைத் திறந்த பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்தாள். “அங்கிளே, ஆக்ஸிஜன் மருந்நாணு. சாம்பாரல்ல, கோரிக் கோரி ஒழிக்கான்.” மொண்டு மொண்டு ஊற்ற அது சாம்பார் இல்லையாம், மருந்தாம். அவள் திட்டியிருந்தால் தேவலை, பொறுமையாகச் சொன்னாள். இந்த மாதிரி நெஞ்சுக்கு அளவுக்கு மேல் கொடுத்தால், வெளியே போகவேண்டிய காற்று போகாமல் ரத்தத்திலேயே தேங்குமாம், தேங்கினால் தூக்கம் வருமாம், பார்த்தால் தூக்கம் மாதிரியேதான் இருக்குமாம்... பார்த்தேனே. அதோடு நுரையீரல் முழுக்கக் குட்டிக் குட்டிப் பைகளாம், நாம் இழுக்கிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜனாம், ரத்தத்துக்குள் போகாது, எரியாது, வேலையே செய்யாது, சும்மா பைக்குள் உட்கார்ந்திருக்கும், அது உட்கார்ந்திருக்கிறதனால்தான் பை சுருங்காமல் நிற்கிறதாம். ஆக்ஸிஜனையே அடைத்து அதை விரட்டிவிட்டால், ரத்தம் ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ள, உள்ளே தாங்க ஆளில்லாமல் பை ஒட்டிப்போகுமாம், அப்படிச் சிலது நீலாவுக்கு ஒட்டிப்போயிருந்ததாம். “அப்போ அந்த வெட்டிப்பயல் நைட்ரஜன் என் ஜாதி” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “அங்கிளே, இனி ஒரு தடவை இப்படி ஆனா, ஆன்ட்டி திரும்பி வரமாட்டா” என்றாள், மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில், எனக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று. இதை எதால் வகுப்பது? வகுத்துப் பார்த்தேன், மீதி அப்படியே நிற்கிறது.

இதோ எழுந்துவிட்டாள், பாத்ரூம் போகவேண்டுமாம், குழாயைப் பின்னாலேயே தூக்கிக்கொண்டு போகிறேன், மணப்பெண்ணின் முந்தானையைத் தோழி தூக்குவதுபோல, போகிறதுக்கு நாலடி, வருகிறதுக்கு நானூறு மைல். திரும்பிக் கட்டிலில் உட்காருவதற்குள் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது, கழுத்துக் குழியில் தோல் உள்ளே போகிறது. “உதட்டைக் குவிச்சுண்டு ஊது நீலா, காப்பி ஆத்தறாப்ல, மெதுவா.” ஊதுகிறாள். எண்பத்தேழு... எண்பத்தெட்டு. அளவுக்குள்தான், ஷபானா சொன்ன அளவுக்குள்தான், ஆனால் அவள் கண் கருவியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கிறது.

“ஏன்னா, கொஞ்சம் கூட்டுங்கோளேன்.”

“வேண்டாம்டீ. தானே அடங்கிடும்.”

“துளியூண்டு.”

என்னிடமா கேட்கிறாள், துளியூண்டு என்று, போதும் என்றவனுக்கு வாளியைக் கவிழ்த்த என்னிடமா? ஆயுசிலேயே முதல் தடவையாக ஒருத்தர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார், என் கையில் வாளி நிறைய இருக்கிறது, ஊற்றக்கூடாது. கை என்னைக் கேட்காமலே பிளாஸ்திரியைத் தொட்டுவிட்டது, ஓரம் லேசாகப் பெயர்ந்துதான் இருக்கிறது, ஒரு நகம் போதும்... திரும்பி, முதுகால் பெட்டியை மறைத்துக்கொண்டேன், நகத்தால் பிளாஸ்திரியின் மேலேயே கரகரவென்று சுரண்டினேன், நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம், பந்து ஒன்றிலேயே ஆடாமல் இருக்கிறது, அது மங்கலாகத் தெரிகிறதே, கண்ணாடியில் தூசியா? “ஆச்சு பார், கொச்சித் துறைமுகத்துக் காத்து அத்தனையும் உள்ளே வரது, கப்பலெல்லாம் பாய் தொங்கிப்போய் நிக்கறது.”

ஊதிக்கொண்டிருந்தாள். தோள் மெல்ல இறங்கியது. “ஆமா... இப்போ நன்னா வரது” என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, ஏமாற்றிவிட்டேனே! இத்தனை காலத்தில் அவளை ஏமாற்றின ஒரே பொய்!

“எத்தனைல வெச்சேள்?”

“அஞ்சு.”

கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள், உதட்டோரம் மட்டும் கோணியது, சம்பந்தி வீட்டாரிடம் கோணுமே, அதே கோணல். “அப்போ ஒண்ணு” என்றாள்.

பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. பொய்யென்று தெரிந்தேதானா நன்றாக வருகிறது என்றாள், எனக்காகவா சொன்னாள், அப்படியென்றால் அந்தக் காலத்துச் சிரிப்பெல்லாம், வகுத்த பிறகும் சிரித்தாளே, அதெல்லாம்... மூச்சு நிஜமாகவே அடங்கியிருக்கிறது, எண்பத்தொன்பது, இல்லை அதையும் எனக்காக அடக்கிக்கொண்டிருக்கிறாளா, மூச்சை அப்படி ஒருத்தருக்காக அடக்க முடியுமா? போர்வைமேல் கிடந்த கையைத் தூக்கினாள், விரல் விரித்து, குறுக்கே, இலைமேல் வைப்பதுபோல.

“போதும்னா. பெட்டியை விட்டுட்டு இங்க வந்து சும்மா உக்காருங்கோ.”

உட்கார்ந்திருக்கிறேன். சும்மாத்தான். இது இன்றைக்கு முதலாவதா, அன்றைக்கு வராமல் போன மூன்றாவதா?