ஓடி எழும்ப ஒரு குளம்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குளத்தைச் சுத்தம் செய்ய அக்காவை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அத்தான் இறந்த பிறகு அவள் தையல் மெஷினை விட்டு எழுவதே அபூர்வமாகிவிட்டது. நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மருந்துக்கடையில் நாளெல்லாம் இருமுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஞாயிற்றுக்கிழமையாவது வேறு முகங்கள் தேவைப்பட்டன.

குளத்தை மண் போட்டு மூடி, வண்டிகள் நிறுத்த இடம் செய்யப்போவதாக நகராட்சி சொல்லியிருந்தது. ஞாயிறுதோறும் குளத்தைச் சுத்தம் செய்யும் எங்கள் குழுவை நடத்திவந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அந்தக் குளத்தில் முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை கூடு வைத்திருக்கிறது என்று மனு மேல் மனுவாகப் போட்டு அவர் நகராட்சியின் உயிரை எடுத்ததில், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். கூட்டில் பறவை உட்கார்ந்திருப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் குளம் பிழைத்துக்கொள்ளும். வருகிற மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடக் கூடாதே என்று, அவர் வரவிருந்த நாள் காலையிலேயே நீளக் கழிகளோடு பாசி வார இறங்கினோம்.

அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கோரைப்புல் ஓரமாக மிதந்த அழுகல் பாசிக் குவியல் ஒன்றை ஒரே இழுப்பில் கரையேற்றினாள். கடைக்காரர் கைதட்டிப் பாராட்டினார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் முக்குளிப்பான் ஒன்று அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. அலகில் ஒரு துண்டுப் பாசி இருந்தது. அது எதைத் தேடுகிறது என்று அக்கா கேட்டாள். கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பறவை கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். பார்க்கிறவர்களுக்குக் குப்பை மாதிரிதான் தெரியும். இதை எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு அன்று கண் அவிந்துபோயிற்று. எங்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது?

அக்கா வெறுங்கையால் குவியலைக் கிளறினாள். முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தேநீர்க் கறை படிந்த நிறத்தில் முழுசாக இருந்தது. பாசியை அள்ளித் தட்டு மாதிரி சேர்த்தாள், நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி அதைக் கோரைத் தண்டுகளோடு பிணைத்தாள், முட்டையை வைத்து மூடிவிட்டு வந்தாள்.

பறவை வரவில்லை. எப்படி வரும்? கரை முழுக்க நாங்கள் கேமராவும் கையுமாக நின்றிருந்தோம். எல்லோரும் வெளியே போய்விட வேண்டும் என்றாள் அக்கா.

“நாம போயிட்டா, வர்றவருக்கு யாரும்மா காட்டறது?” என்றார் கடைக்காரர்.

“நாம நின்னா, காட்டறதுக்கு ஒண்ணுமே இருக்காது.”

கம்பி வேலிக் கதவுக்கு வெளியே எங்கள் அனைவரையும் தள்ளாத குறையாக அனுப்பினாள். மதியம் அதிகாரி வந்தபோது அவரையும் உள்ளே விடவில்லை. முட்டை சூடு ஆறிவிடும், இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். பார்க்காமல் எதையும் எழுத முடியாது, இன்னொரு நாளும் கிடையாது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“அப்போ எழுதாதீங்க சார்” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அவர் போய்விட்டார். குளத்தை மூட உத்தரவும் வந்துவிட்டது. ஒரு முட்டைக்காகக் குளத்தையே தாரை வார்த்துவிட்டாயே என்று வாயில் வந்தபடி திட்டினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கூட்டைப் பிரிச்சது என் கைடீ” என்றாள் கடைசியில்.

பறவை திரும்பி வந்து அடைகாத்ததில் அந்த முட்டை பொரிந்தது. தாயின் முதுகில் ஏறிக்கொண்டு குஞ்சு சவாரி போனதைக் கடைக்காரரின் தொலைநோக்கியில் நானும் பார்த்தேன். என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வீம்புக்கு வைத்துக்கொண்டேன்.

மண் லாரி வந்த அன்று அக்கா ஓட்டுநரிடம் போய், கோரைப்புல் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் மூடப்போவது மூடப்போவதுதானே என்று அவர் ஒப்புக்கொண்டார். முக்குளிப்பான் நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும் என்று கடைக்காரர் எங்களிடம் மெல்லச் சொன்னார். குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது. ஓடுவதற்கு இருந்த தண்ணீரோ லாரிக்கு லாரி குறுகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பெரிய பறவைகள் இரண்டையும் காணவில்லை. இளசு மட்டும் மிச்சமிருந்த தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது.

அடுத்த நாள் காலை நான் மருந்துக்கடையைத் திறக்காமல் அக்காவோடு போனேன். கடைக்காரர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். லாரியும் வந்துவிட்டது. அது மண்ணைக் கொட்டிவிட்டால் ஓட இடம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பறவை பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

கரையில் ஒருவரையும் மூச்சுவிட விடாத என் அக்கா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோரைக்குள் இறங்கினாள். கைகளைத் தட்டினாள். தண்ணீரை அடித்தாள். மண்ணாங்கட்டிகளை எடுத்து அதன் பின்னால் எறிந்தாள். அது பயந்துபோய் முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. அவள் விடவில்லை.

“போ... போயிடு. இது இனிமே உன் இடம் இல்ல, போ.”

அது ஓடத் தொடங்கியது. சிறகுகள் படபடக்க, கால்கள் தண்ணீரை அறைய, புது மண்மேட்டை நோக்கி நேராக ஓடியது. முட்டிக்கொள்ளப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது லாரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அத்தான் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் செருப்போடேயே இறங்கிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“அது திரும்பி வந்துட்டா என்னடீ பண்றது?” என்று கேட்டாள்.